கடற்கரைக்கு வர நினைக்கும் ஓய்வூதியக்காரர்களுக்கு



அசனப் பண்டிகைக்கு ஊருக்கு வந்திருந்தபோது உங்களில் பல பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "நாங்களும் ரிட்டயர்டு ஆயாச்சு, பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் போயாச்சு. உங்களைப் போல நாங்களும் கடற்கரையில் போய் ஊழியம் செய்யலாமா?" பந்தியில் சாம்பார் வாளிக்கு வழிவிட்டுக்கொண்டே சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

வாருங்கள். ஆனால் எதற்கு வருகிறோம் என்று தெரிந்து வாருங்கள். இங்கே எங்கள் நாளில் பிரசங்கத்துக்கு இடம் மிகக் குறைவு. விண்ணப்பம் எழுதுவது, பிரஷர் பார்ப்பது, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது, குடத்தோடு தெருக்குழாயில் நிற்பது என்று பொழுது போய்விடும். இதெல்லாம் ஊழியத்தில் சேருமா என்று சந்தேகப்படுகிறவர்கள் இந்த மடலை இதோடு மடித்து வைத்துவிடலாம்.

நாங்கள் இருப்பது தரங்கம்பாடிக்கு வடக்கே ஒரு மீனவக் கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். அவர்களைக் கேட்காமல் நான் எழுதுவது சரியில்லை. தெற்கே நமக்குக் கடற்கரை என்றாலே மாதா கோயில் கோபுரம்தான் கண்ணில் நிற்கும். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்ற காலத்திலிருந்து அங்கே அப்படி. அந்த நினைப்போடு இங்கே வந்து இறங்காதீர்கள். இது பட்டினவர் ஊர். அம்மன் கோயில்தான் ஊருக்கு நடு. ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கேட்காமல் யாரும் வெளியாளுக்கு வீடு வாடகைக்கு விட மாட்டார்கள்.

வந்த புதிதில் கோயில் மண்டபத்தில் பஞ்சாயத்தார் முன்னால் போய் நின்றோம். "மதம் மாத்த வந்திருக்கீங்களா?" என்று சுற்றி வளைக்காமல் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் தபால் ஆபீசில் ஆயுசு முழுக்கக் கவுண்டரில் உட்கார்ந்தவர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவர். "யாரையும் கூப்பிட மாட்டோம். யாராவது கேட்டா மறைக்கவும் மாட்டோம்" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர், "சரி, இருங்க. போர்டு மட்டும் வைக்கக் கூடாது" என்றார்.

அந்தப் போர்டு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகு இந்தக் கரைக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வீடு கட்டிக் கொடுத்தார்கள், படகு கொடுத்தார்கள், நல்லவர்கள் நிறைய. கூடவே ஒவ்வொன்றிலும் பெயரும் எழுதிவிட்டுப் போனார்கள். பிணம் தேடிக்கொண்டிருந்தவன் கையில் அரிசிப் பையோடு துண்டுப் பிரசுரத்தையும் திணித்தவர்கள் அதில் உண்டு, நம்மவர்கள்தான். இந்த ஊர் அதை மறக்கவில்லை, மறக்கவும் வேண்டியதில்லை. எங்கள் வீட்டு வாசலில் இன்றைக்கும் போர்டு கிடையாது. "டீச்சர் வீடு" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும்.

இனி அன்றாடம். மூன்றரை மணிக்கே ஃபைபர் போட்டுகளின் இன்ஜின் சத்தம் கேட்கும். அதற்குமேல் தூக்கம் வராது, வரும் என்று நம்பிப் புரளாதீர்கள். நாங்கள் எழுந்து விளக்குப் போட்டு, சங்கீதம் ஒன்று வாசித்து, கடலுக்குப் போனவர்களுக்காக ஜெபம் பண்ணிவிட்டுக் காப்பி போடுவோம். பாட்டு மெல்லத்தான். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது.

தண்ணீர்தான் இங்கே பெரிய வேலை. கிணற்றில் வருவது உப்பு. குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நேரத்துக்குத் தெருவே குடத்தோடு நிற்கும். "வயசானவங்க, முன்னாடி வாங்க" என்பார்கள். போகாதீர்கள். அந்த வரிசையில் நின்றுதான் இந்த ஊரை நான் தெரிந்துகொண்டேன். எந்த மகளுக்கு மாப்பிள்ளை வீட்டில் சண்டை, எந்தப் படகுக்கு வியாபாரி முன்பணம் கொடுத்து மீனைத் தன் விலைக்கே எடுத்துக்கொள்கிறான், யாருக்கு மாதவிடாய் நின்ற பிறகும் உதிரம் போகிறது, டாக்டரிடம் போக வெட்கம், எல்லாம் அங்கே பேச்சோடு பேச்சாக வந்துவிடும். ஆண்கள் ஊழியம் செய்கிறேன் என்று ஊரைச் சுற்றி வருவார்கள். ஊரின் சங்கதி குழாயடியில்தான் இருக்கிறது.

உப்புக்காற்று பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கேஸ் அடுப்பின் கால், ஃபிரிட்ஜின் அடிப்பாகம், கதவுக் கீல், கண்ணாடிச் சட்டத்தின் ஸ்க்ரூ, எதையும் விடாது. மகள் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்தேன், பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டு போயிற்று. இரும்பு பீரோ கொண்டு வராதீர்கள். பிளாஸ்டிக் டப்பாவும் எவர்சில்வரும் போதும்.

எட்டு மணிக்குள் படகுகள் கரைக்கு வர ஆரம்பிக்கும். அப்போதுதான் ஏலம். வேடிக்கை பார்க்கப் போகலாம், ஆனால் கூடைக்காரப் பெண்களோடு போட்டி போட்டு ஏலம் கேட்கக் கூடாது, அது அவர்கள் பிழைப்பு. விரித்திருக்கும் வலையைத் தாண்டி நடக்கக் கூடாது, சுற்றிப் போக வேண்டும். நல்ல பாடு கிடைத்த அன்றைக்கு ஆறேழு வீட்டிலிருந்து மீன் வந்துவிடும். காசு கொடுத்தால் கோபம் வரும், வேண்டாம் என்றால் மனசு சங்கடப்படும். வாங்கிக்கொண்டு, மிஞ்சியதைக் கீறி உப்புப் போட்டுக் காயவைக்கப் பழகுங்கள். நான் போட்ட கருவாட்டை வாசலில் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அக்கா, "டீச்சர் இனிமே நம்ம ஊருதான்" என்றாள்.

இந்தக் கரைக்கு மிஷனரிகள் புதிதல்ல. சீகன்பால்கு 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடிக்கு வந்ததை ஞாயிறு பள்ளியிலேயே படித்துவிட்டோம். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அவருக்கு இரண்டு தலைமுறை கழித்து வந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்பவரைப் பற்றி. 1771இல் வந்தவர், 1813இல் இறந்தார். இங்கேயே கிழவரானவர். பள்ளிக்கூடம் நடத்தினார், கடைசிக் காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகளுக்காகப் பாடுபட்டார். அதோடு, இந்தக் கரையில் பிடிபடும் மீன்களைப் பதப்படுத்தி பெர்லினிலிருந்த பிளாக் என்ற மீனியல் அறிஞருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நாம் கத்தாழை என்கிற மீன் இனத்துக்கு 1793இல் பிளாக் வைத்த பெயர் ஜானியஸ். நம் ஜானின் பெயர்தான். அதில் ஒரு வகைக்கு ஜானியஸ் கருத்தா என்றே பெயர், கருத்தக் கத்தாழை. விரால் மீனும் 'ரால்' என்ற ஒலியோடு அந்தக் காலத்து லத்தீன் பெயர் ஒன்றில் ஏறியிருக்கிறது. மீன் பெயர் சொல்ல ஒரு மீனவன் வேண்டும், கேட்டு எழுதிக்கொள்ள ஒரு மிஷனரி ஐயர் வேண்டும். அந்த ஐயர் எத்தனையோ காலை இந்த மணலில் நின்று கேட்டிருக்கிறார் என்பதற்கு அந்தப் பெயர்களே சாட்சி. எங்கள் வலைக்கூடத்தில் இதைச் சொன்னபோது, "அப்ப அவரு நல்லாக் கத்தாழை தின்னிருப்பாரு" என்றார்கள். இருக்கலாம்.

வலைக்கூடம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடலுக்குப் போக முடியாத வயசுக்காரர்கள் பகலெல்லாம் அங்கே உட்கார்ந்து வலை தைப்பார்கள். என் வீட்டுக்காரரும் பேப்பரோடு அங்கேதான் போய் உட்காருவார். அறுபது தாண்டிய ஒருவர் கண்ணிக்குள் ஊசியை விடமுடியாமல் வலையைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தார். நூல் கோத்துக் கொடுக்கப் பேரனைக் கூப்பிடுவார், அவன் செல்போனில் இருப்பான். என் வீட்டுக்காரர் தன் மூக்கில் இருந்த வாசிக்கிற கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் வைத்தார். அவர் வலையைத் தூக்கிப் பார்த்தார். காலையில் தான் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எந்தக் குருட்டுப்பய முடிஞ்சது இது?" என்றார். கூடமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, அவ்வளவையும் அறுத்துத் திரும்ப முடிய ஆரம்பித்தார். அன்றைக்குக் கண்ணாடி இல்லாமல்தான் இவர் வீட்டுக்கு வந்தார், பேப்பரும் வாசிக்காமல்.

நாற்பது வயசுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குவது எல்லோருக்கும் உள்ளது. நமக்கு அது பேப்பர் வாசிப்பதில் தெரியும். வலை தைக்கிறவனுக்குக் கூலியில் தெரியும். மயிலாடுதுறை பட்டமங்கலத் தெருவுக்குப் போய் இரண்டு, இரண்டரை பவரில் கண்ணாடிகள் வாங்கி வந்தோம். போட்டும் தெரியாதவர்களைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம், அதில் பாதிப் பேருக்குப் புரை. நாங்கள் இங்கே செய்ததில் உருப்படியானது எது என்று கேட்டால், இருவரும் யோசிக்காமல் இதைத்தான் சொல்வோம்.

எங்களை ஆதரிக்கிற சங்கத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தில் சந்தித்த வீடுகள் எத்தனை, கொடுத்த பிரதிகள் எத்தனை, ஆத்துமாக்கள் எத்தனை என்று கட்டங்கள். கண்ணாடிக்குக் கட்டம் இல்லை. என் வீட்டுக்காரர் அதை 'இதர' என்ற இடத்தில் எழுதினார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. தலைமையிடங்களுக்குக் களம் புரியாமல் போவது இன்றைக்கு நேற்றைக்கு உள்ளதல்ல. சீகன்பால்கு இங்குள்ள மக்களின் தெய்வங்களைப் பற்றி அவர்களிடமே கேட்டறிந்து 1713இல் ஒரு நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். உன்னை அனுப்பியது அந்தச் சமயத்தை வேரறுக்க, அதைப் பரப்ப அல்ல என்கிற ரீதியில் ஹாலேயில் மிஷன் தலைமையில் இருந்த பிராங்கே அதை ஒதுக்கி வைத்தார். அச்சேறியது 1867இல், சென்னையில். நீங்கள் வந்தால் உங்களுக்கும் படிவம் வரும். உள்ளதை எழுதுங்கள், கட்டத்துக்காக எதையும் கூட்டாதீர்கள்.

பகல் பன்னிரண்டுக்கு மேல் எங்கள் திண்ணை ஒரு சின்ன ஆபீஸ். மீனவர் அடையாள அட்டை, சேமிப்பு நிவாரணத் திட்டம், விபத்துக் காப்பீடு, ஆதாரில் பிறந்த தேதி தப்பு, எல்லாம் இங்கே வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதில் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் கையிருப்பு இருக்காது, நிவாரணம் யார் கணக்கில் ஏறியது, யாருக்கு ஏறவில்லை என்று பாஸ்புக்கோடு வருவார்கள். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை ஆளைப் பிடித்துப்போன வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தால், அன்றைக்கு வேறு வேலை எதுவும் ஓடாது. கலெக்டருக்கு மனு எழுத வேண்டும், படகுப் பதிவு எண் வேண்டும், அந்தப் பெண் அழுது முடிக்கும்வரை பேனாவை மூடி வைத்துக்கொண்டு காத்திருக்கவும் வேண்டும். உங்களில் தாலுகா ஆபீஸ், கருவூலம், பேங்க் என்று வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் தாலந்து அதுதான். கிட்டார் வாசிக்கப் பழகிக்கொண்டு வரவேண்டியதில்லை.

கடன் மட்டும் கொடுக்காதீர்கள், யாருக்கும் ஜாமீன் நிற்காதீர்கள். இங்கே பணம் சுற்றுகிற சுற்று வேறு. உங்கள் பென்ஷன் அதில் ஒரு மாசம் தாங்காது, உறவும் கெடும். பள்ளிக்கூடக் கட்டணமா, மருந்தா, அந்த இடத்திலேயே நேரில் கட்டிவிடுங்கள்.

சாயங்காலம் பிள்ளைகள். நான் கணக்கு டீச்சர். சதவீதம் வராது என்று பள்ளிக்கூடத்தில் முட்டி போட்ட பையன், ஏலத்தொகையில் டீசல் போக மிச்சத்தைப் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரித்து மனக்கணக்காகவே சொல்வான். அதைப் பலகையில் எழுதிக் காட்டி, "இதுதான்டா சதவீதம்" என்றேன். "அப்ப இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பையன்கள் பத்தாவதில் ஒரு பாடம் போனாலே கடலுக்கு இறங்கிவிடுகிறார்கள். பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள், பொறையாறு காலேஜ் வரைக்கும் போகிறார்கள். எங்கள் திண்ணையில் நல்ல சேதி அவர்கள்தான்.

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே அவசரம் என்றால் காரைக்காலுக்கோ மயிலாடுதுறைக்கோ ஓட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஒரு ராத்திரி நெஞ்சடைப்பு போல வந்தபோது கூப்பிட்டவுடன் மீன் ஏற்றுகிற வண்டியில்தான் தூக்கிப் போனார்கள். வாயுதான், ஒன்றுமில்லை. ஆனாலும் எழுபதுக்கு மேல் ஆனவர்கள், இருதய ஆபரேஷன் ஆனவர்கள் தயவு செய்து வர வேண்டாம். ஊருக்கு ஒத்தாசையாக வந்துவிட்டு ஊருக்குப் பாரமாகக் கூடாது. கஜா புயல் வந்த 2018 நவம்பரில் ராத்திரி முழுக்கப் புயல் பாதுகாப்புக் கூடத்தில் தரையில்தான் படுத்திருந்தோம். பாயில் படுத்து எழ முடிகிற முழங்கால் வேண்டும்.

மதினிமாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. முப்பது வருஷம் காலையில் போய் சாயங்காலம் வந்த மனுஷன், இங்கே நாள் முழுக்க இரண்டு அறை வீட்டில் உங்கள் கண்முன்னாலேயே இருப்பார். உப்பு கூட, சத்தம் கூட என்று எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொல்வார். எங்களுக்கும் சண்டை வந்தது. ஊரே கேட்கிற அளவுக்கு வந்தது. மறுநாள் குழாயடியில், "சார் என்ன சொல்றாரு?" என்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் காலையில் வலைக்கூடம், நான் வீடு என்று பிரித்துக்கொண்டோம்.

நோட்டீஸ்களில் மிஷனரியின் பெயரைப் போட்டு 'மற்றும் திருமதி' என்று அடிப்பதை நாம் பார்த்துப் பழகிவிட்டோம். பழைய கதையும் அப்படித்தான். சென்னைக்காரரான உபதேசியார் சாலமோன் 1890களில் கார் நிக்கோபார் தீவில் மூஸ் என்ற கிராமத்துக்குப் போய் அரசாங்க ஏஜெண்டாகவும் ஆசிரியராகவும் இருந்தார். தேங்காய் வாங்க வரும் கப்பல்களைக் கவனிப்பது, பிள்ளைகளுக்குப் பாடம், நோயாளிக்கு மருந்து, அன்றன்று நடந்ததைக் குறித்து வைப்பது, இதுதான் அவர் நாள். அந்த நாட்குறிப்பிலிருந்து சில பகுதிகளை 1902இல் பிரிட்டன்-அயர்லாந்து மானிடவியல் கழகத்தின் இதழே வெளியிட்டது. அவரிடம் படித்த தீவுப் பையன் ஜான் ரிச்சர்ட்சன் பிற்பாடு நிக்கோபாரின் முதல் பிஷப் ஆனார், 1952இல் மக்களவை உறுப்பினராகவும் நியமிக்கப்பட்டார். சாலமோன் தனியாகவா இருந்தார்? அந்தத் தீவில் அவருடைய மனைவியும்தான் இருந்தார். பிள்ளைகள் படிக்கிற வீட்டில் அடுப்பு எரிந்தால்தானே பள்ளிக்கூடம். வரலாறு எழுதுகிறவர்கள் அந்த அம்மாளுக்கு ஒரு வரியாவது கூடுதலாக எழுதியிருக்கலாம். கடற்கரை ஊழியத்தில் பாதிக்கு மேல் பெண்பிள்ளை செய்கிறது. உங்களுக்கு மனசில்லாமல் அவருக்காக மட்டும் கிளம்பி வந்தால் ஆறு மாசத்தில் இருவருமே திரும்பிவிடுவீர்கள்.

"அப்ப சுவிசேஷம்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன். போன வருஷம் கடலில் ஒரு பையன் தவறிப்போனான். உடல் கிடைக்கும்வரை அவன் அம்மா கரையை விட்டு வரவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வசனம் எதுவும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை, சொல்வது நியாயமும் இல்லை. காரியமெல்லாம் முடிந்து பல நாள் கழித்து அவளே வீட்டுக்கு வந்து, "டீச்சர், நீங்க காலைல என்னமோ வாசிப்பீங்களே, அத எனக்கும் வாசிங்க" என்றாள். வாசித்தேன். இப்போதும் சில நாள் வருகிறாள். அம்மன் கோயிலுக்கும் போகிறாள். இதைப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் நான் எழுதவில்லை, எழுதப் போவதும் இல்லை.

வர நினைக்கிறவர்கள் டிசம்பரில் வராதீர்கள், கடல் பார்க்க வந்த மாதிரி ஆகிவிடும், மழையும் விடாது. தடைக்காலம் தொடங்குகிற ஏப்ரலில் வாருங்கள். வெயிலும் தண்ணீர்க் கஷ்டமும் கைச்சுருக்கமும் அப்போதுதான் சரியாகத் தெரியும். ஒரு மாதம் எங்களோடு தங்கிப் பாருங்கள். பிடித்தால் பஞ்சாயத்தாரிடம் நாங்களே அழைத்துப் போகிறோம், பிடிக்காவிட்டால் ஒன்றும் குறைச்சல் இல்லை. முன்கூட்டி ஒரு கடிதம் போடுங்கள். அதில் இருவரும் தனித்தனியாக, ஏன் வருகிறீர்கள் என்று அவரவர் கையால் எழுத வேண்டும். மதினி எழுதாத கடிதத்துக்கு இங்கிருந்து பதில் வராது.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி,
ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர்